வால்பாறைக்கு எந்த லென்ஸ்?

படம் எடுப்பதற்கென்றே பயணம் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்த கேமரா வாங்கலாம்?” என்றுதான். நான் திருப்பிக் கேட்பது மூன்று. எங்கே போகிறீர்கள்? எதை எடுக்கப் போகிறீர்கள்? அது உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும்? இதற்கெல்லாம் விடை தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் எடுத்து வைக்கும் பெட்டியோடுதான் திரும்புவோம். அதற்குள் 24 மெகாபிக்ஸல் பாடி ஒன்று, 18-55 லென்ஸ் ஒன்று, 55-210 லென்ஸ் ஒன்று இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு மலையேறி, மர உச்சியில் உட்கார்ந்திருக்கும் இருவாச்சிப் பறவையை எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் பச்சைக்கு நடுவே சின்னதாக ஒரு கறுப்பு வடிவம் தெரியும். இப்படி ஒரு படத்தைக் கொண்டுவந்து “கேமரா சரியில்லையா?” என்று கேட்பவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். கேமராவுக்கு ஒரு குறையும் இல்லை. யோசித்த வரிசைதான் தலைகீழ்.

தூரம், வெளிச்சம், எடை என்ற வரிசையில் யோசியுங்கள். மூன்றும் சேர்ந்து லென்ஸை முடிவு செய்யும். பாடி கடைசியில் வரட்டும்.

வால்பாறையை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறுவதற்குள் இந்தக் கணக்குகள் எல்லாமே வந்துவிடும். ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறையில் வரையாடு நிற்கும். வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்குகள் சாலையோர மரங்களிலேயே இருக்கும், கைக்கெட்டும் தூரத்துக்கும் வரும். இருவாச்சி எங்கோ பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து அத்தி மரத்தில் இருக்கும். மாலையில் தேயிலைக்கு நடுவே காட்டுமாடுகள் மேயும். இவற்றோடு மூடுபனி, தூறல், சோலைக்குள் பாதி இருட்டு. இதற்குப் பொருந்துகிற கேமராப் பை முதுமலை, தட்டேக்காடு போன்ற மற்ற காடுகளுக்கும் பொருந்தும்.

தூரத்தைக் கணக்குப் போடுங்கள்

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. “பறவைக்கு 600 எம்எம் வேணும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு கிலோ லென்ஸை வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். “ஜூம்தான் இருக்கே” என்று 200-ஓடு கிளம்புகிறவர்கள் மறுபக்கம். இரண்டுமே ஊகம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று போதும்.

எடுக்கப்போவதன் உயரத்தை மீட்டரில் எழுதுங்கள். லென்ஸின் எம்எம் அளவால் பெருக்குங்கள். தூரத்தை மீட்டரில் எடுத்து வகுங்கள். வரும் விடைதான், அந்த உருவம் சென்சாரின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு விழும் என்பது.

இருவாச்சி அலகிலிருந்து வால் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். அறுபது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 200 எம்எம் லென்ஸில் 200-ஐ அறுபதால் வகுத்தால் 3.3 மில்லிமீட்டர். 400 எம்எம் என்றால் 6.7. 600 என்றால் 10. இனி சென்சாரின் உயரத்தைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் சென்சார் 24 மில்லிமீட்டர் உயரம், ஏபிஎஸ்-சி சுமார் 15, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 13. உருவம் சட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது என் விதி. அதற்குக் கீழே போனால் அந்தப் படத்தை நான் பறவைப் படமாகக் கணக்கில் சேர்ப்பதில்லை, இயற்கைக் காட்சியில் பறவையும் இருக்கிறது, அவ்வளவுதான். ஏபிஎஸ்-சி சென்சாருக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது 5 மில்லிமீட்டர். அறுபது மீட்டரில் அதை எட்டுவதற்கு 300 எம்எம் தேவை. 400 இருந்தால் கொஞ்சம் தாராளம். அதே இருவாச்சி நூறு மீட்டருக்குப் போய்விட்டால் 400-லும் 4 மில்லிமீட்டர்தான்.

சோலைமந்திக்கும் போட்டுப் பாருங்கள். உட்கார்ந்தால் அரை மீட்டர் உயரம், எட்டு மீட்டர் தூரம். 200 எம்எம் லென்ஸிலேயே 12.5 மில்லிமீட்டர் வந்துவிடுகிறது. ஏபிஎஸ்-சி கேமராவில் சட்டம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. 600-ஐ மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு அந்தக் குரங்கின் முகம் மட்டும்தான் கிடைக்கும். குட்டியை வயிற்றில் சுமந்துகொண்டு தாய் கிளை தாவும்போது பக்கத்தில் நிற்பவரின் 70-300 வேலை செய்யும், இவர் பின்னால் நகர இடம் தேடிக்கொண்டிருப்பார். சாலையோரத்தில் நின்றுகொண்டு பார்க்காமல் பின்னால் நடப்பது ஆபத்தும்கூட.

வரையாட்டின் தோள் உயரம் ஒரு மீட்டருக்குள். சாலையிலிருந்து முப்பது, நாற்பது மீட்டர் என்று வைத்தால் 300 எம்எம் தாராளம். காட்டுமாடு தோள் வரை 1.7 மீட்டர். அறுபது மீட்டருக்கு 200 எம்எம்கூடப் போதும், அதைவிடக் கிட்டே போகவும் கூடாது.

இந்தக் கணக்கைச் சொன்னதும் ஒரு கேள்வி வரும்: “ஏபிஎஸ்-சி கேமராவில் 400 போட்டால் 600 ஆகிவிடும் என்கிறார்களே?” ஆகாது. லென்ஸ் அதே 400தான், சென்சாரின் மேல் விழும் இருவாச்சியும் அதே 6.7 மில்லிமீட்டர்தான். சிறிய சென்சார் சுற்றியிருப்பதை வெட்டிவிடுவதால் பறவை பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் இதில் உண்மையான லாபம் ஒன்று உண்டு. 24 மெகாபிக்ஸல் ஏபிஎஸ்-சி சென்சாரில் உயரவாக்கில் 4,000 பிக்ஸல்கள் பதினைந்து மில்லிமீட்டருக்குள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. அதனால் அந்தப் பறவையின் மேல் மட்டும் ஏறக்குறைய 1,700 பிக்ஸல் விழுகிறது. அதே 24 மெகாபிக்ஸலை ஃபுல் ஃபிரேமில் பரப்பினால் பறவைக்குக் கிடைப்பது 1,100தான். தூரத்தில் இருப்பதை எடுக்கப் போகிறவருக்கு, இன்னும் நீளமான லென்ஸ் வாங்கும் வசதி இல்லாதவரை, ஏபிஎஸ்-சி பாடியே சரி. ஃபுல் ஃபிரேம் வாங்கினால்தான் “புரொஃபஷனல்” என்று நம்பி, லென்ஸுக்கு வைத்திருந்த பணத்தையும் பாடியில் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆக வால்பாறைக்கு என் முடிவு: ஏபிஎஸ்-சி கேமராவில் 300-க்கும் 400-க்கும் இடையில் முடிகிற ஒரு ஜூம். சோனி வைத்திருப்பவருக்கு 70-350, எடை 625 கிராம். கேனான் என்றால் ஆர்எஃப் 100-400, 635 கிராம். ஃபியூஜியில் 70-300, ஆறுநூறு கிராமுக்குள். நிக்கானின் 50-250 இன்னும் இலேசு, சுமார் 400 கிராம்தான். ஆனால் மேலே சொன்ன இருவாச்சிக்கு 4.2 மில்லிமீட்டர்தான் தரும், கொஞ்சம் வெட்டிக்கொள்ள வேண்டும். நிக்கானின் 180-600, சோனியின் 200-600 இரண்டும் அருமையான லென்ஸ்கள்தான். ஆனால் சுமார் இரண்டு கிலோ. நீர்ப்பறவைகள் தூரத்தில் நிற்கிற ஏரிக்கரைக்கு அவற்றை எடுத்துப்போங்கள். மலையில் காலையிலிருந்து கழுத்தில் தொங்கவிட்டு நடந்தால், பத்து மணிக்கு மேல் கேமரா பைக்குள் போய்விடும். பைக்குள் இருக்கும் லென்ஸ் எத்தனை எம்எம் என்பதில் அர்த்தமில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலைக்காற்றில் ஈரம் அதிகம். நூறு, நூற்றைம்பது மீட்டர் பனிக்கு ஊடாக எடுக்கும் படம் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் மங்கலாகத்தான் வரும். அந்தத் தூரத்தை எம்எம்-ஆல் வெல்ல முடியாது. காத்திருந்தால் பறவை அருகில் வரலாம், அது ஒன்றுதான் வழி.

வெளிச்சம்

லென்ஸின் மேல் எம்எம்-க்கு அடுத்து எழுதியிருக்கும் எஃப் எண்தான் இதைச் சொல்வது. எஃப் 4.5-6.3 என்றிருந்தால், ஜூமை முழுதாக இழுத்த இடத்தில் 6.3தான் கிடைக்கும். கடையில் எல்லோரும் முதல் எண்ணைப் பார்க்கிறார்கள். நீங்கள் இரண்டாவதைப் பாருங்கள், நீங்கள் எப்போதும் நிற்கப்போவது அந்த முனையில்தான்.

மேகம் மூடிய காலை, மர நிழலில் சோலைமந்தி. எஃப் 5.6, நொடியில் 250-இல் ஒரு பங்கு என்று வைத்தால் ஐஎஸ்ஓ 3200 வரை போகலாம். அதே இடத்தில் எஃப் 8 லென்ஸ் என்றால் வெளிச்சம் பாதி, ஐஎஸ்ஓ 6400. எஃப் 2.8 இருந்தால் நான்கு மடங்கு வெளிச்சம், ஐஎஸ்ஓ 800 போதும். இதைப் படித்துவிட்டு எஃப் 2.8 டெலி லென்ஸுக்கு அலையாதீர்கள். அதன் விலையும் எடையும் வேறு உலகம். இன்றைய கேமராக்களில் ஐஎஸ்ஓ 3200 பயப்படவேண்டிய எண்ணே அல்ல. 6400-இல் வரும் இரைச்சலைக் குறைக்க நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. குறைந்த ஷட்டர் வேகத்தால் கலங்கிப்போன படத்தைச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. இரைச்சலுக்குப் பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

“லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, வேகம் குறைந்தால் என்ன?” என்பது அடுத்த குழப்பம். அது உங்கள் கை நடுக்கத்தை அடக்கும், குரங்கின் தலையாட்டலை அடக்காது. உட்கார்ந்திருக்கும் மிருகத்துக்கு 250-இல் ஒரு பங்கு, நடக்கிறதற்கு 500, பறக்கும் இருவாச்சிக்கு 1,600-இல் ஒரு பங்குக்கு மேல். இருவாச்சி பறந்து வரும்போது இறக்கைச் சத்தம் முன்கூட்டியே கேட்கும், நீராவி எஞ்சின் மூச்சுவிடுவதைப் போல. சத்தம் கேட்டதும் வேகத்தைக் கூட்டிவிட்டு, எக்ஸ்போஷரையும் ஒரு ஸ்டாப் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றாவிட்டால் வெள்ளை வானத்துக்கு எதிரே பறவை வெறும் நிழலுருவாகிவிடும்.

இரண்டாவது லென்ஸ்

கேமராவோடு வந்த 18-55 போதும். தேயிலைச் சரிவு, மூடுபனியில் சில்வர் ஓக் மரங்கள், டீக்கடை, பேருந்து எல்லாவற்றுக்கும் அது நன்றாகவே இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேலும் எடுக்க விரும்புகிறவர் 35 எம்எம் எஃப் 1.8 ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மிகவும் அகன்ற 10-18 மாதிரி லென்ஸை மலைக்கு எடுத்துப்போகாதீர்கள். எதிரே இருக்கும் மலையைத் தள்ளிவிட்டுச் சாலையைப் பெரிதாக்கிக் காட்டும். இன்னொரு டெலி லென்ஸ் வேண்டவே வேண்டாம்.

இப்போது பாடி

லென்ஸ் முடிவாகிவிட்டால் பாடி பாதி முடிவான மாதிரிதான். மெகாபிக்ஸல் 20-க்கு மேல் எதுவானாலும் சரி. நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். மிருகங்களின், பறவைகளின் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஃபோகஸ் இருக்கிறதா? கண்ணை வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டர் இருக்கிறதா? கட்டை விரலால் ஃபோகஸ் புள்ளியை நகர்த்துகிற குமிழ் இருக்கிறதா? முதலாவது மிக முக்கியம். இலைகளுக்கு நடுவே இருக்கும் முகத்தில் ஃபோகஸைப் பிடித்து நிறுத்துவது முன்பெல்லாம் பெரிய பாடு, இன்று கேமராவே செய்கிறது. கேனான் ஆர்10, ஆர்7, சோனி ஏ6700 எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. நிக்கான் இசட் 50 வாங்குவதானால் இரண்டாம் பதிப்பாகப் பாருங்கள், முதலாவதில் பறவைக்கென்று தனி ஃபோகஸ் கிடையாது. வ்யூஃபைண்டர் இல்லாமல் திரையை மட்டும் பார்த்து எடுக்கிற கேமராக்களை வெயிலில் பயன்படுத்திப் பார்த்தால் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று புரியும். நீண்ட லென்ஸை நெற்றியோடு சேர்த்து அணைத்துப் பிடிக்கும் வாய்ப்பும் அவற்றில் இல்லை.

கையில் பணம் குறைவு என்றால் பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குவதில் எந்த அவமானமும் இல்லை. 2016-இல் வந்த நிக்கான் டி500, 2014-இல் வந்த கேனான் 7டி மார்க் 2 இரண்டும் காட்டுக்குப் பொருந்துபவை, மழைத்தூறலைத் தாங்கும், ஃபோகஸும் வேகம். வாங்கும் முன் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று பாருங்கள். டி500-இன் ஷட்டருக்கு நிறுவனம் சொல்கிற ஆயுள் இரண்டு லட்சம் முறை. நிக்கானில் ஒரு பொறி இருக்கிறது. டி3500, டி5600 போன்ற பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸை வாங்கி அதில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸைத் திருக வேண்டும். கண்ணாடியில்லா இசட் பாடிகளில் நிக்கானின் அடாப்டர் போட்டு மாட்டினாலும் அதே கதை.

பழைய லென்ஸ் என்றால் பூஞ்சை. நம் ஊர்க் காற்றுக்கு அலமாரியில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை வராவிட்டால்தான் ஆச்சரியம். இரண்டு மூடிகளையும் கழற்றி, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம். தூசி இருந்தால் பரவாயில்லை. தூசி படத்தில் தெரிவதில்லை.

வாங்கத்தான் வேண்டுமா?

வருடத்துக்கு ஒரு பயணம் போகிறவர் டெலி லென்ஸை வாடகைக்கு எடுப்பதே நல்லது. சென்னையிலும் கோவையிலும் வாடகைக் கடைகள் இருக்கின்றன. அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். கிளம்பும் அன்று காலையில் போய் வாங்காதீர்கள், குறைந்தது ஒரு நாள் முன்னால் வாங்குங்கள். கடையிலேயே உங்கள் பாடியில் மாட்டி, ஜூமின் இரண்டு முனையிலும் ஃபோகஸ் பிடிக்கிறதா என்று பாருங்கள். முன் கண்ணாடி, பின் கண்ணாடி, மவுண்ட் மூன்றையும் கடைக்காரர் எதிரிலேயே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹூட் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் பல கடைகளில் தருவதில்லை, தூறலில் முன் கண்ணாடியைக் காப்பாற்றுவது அதுதான்.

எந்தக் கம்பெனி கேமரா நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எளிது. உங்கள் நெருங்கிய நண்பர் எதை வைத்திருக்கிறாரோ அது. இரண்டு பேர் லென்ஸும் இரண்டு பேருக்கும் கிடைக்கும்.

கிளம்பும் முன்

புதுக் கேமராவை மலையில் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு வாரம் மொட்டை மாடியில் காக்கையையும், தெருவில் நாயையும் எடுங்கள். முப்பது மீட்டர் எவ்வளவு, அறுபது மீட்டர் எவ்வளவு என்று காலடி வைத்து அளந்து கண்ணுக்குப் பழக்குங்கள், மேலே சொன்ன கணக்கு அப்போதுதான் உதவும். ஆட்டோ ஐஎஸ்ஓ-வை 6400 வரை திறந்துவிடுங்கள். குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 500-இல் ஒரு பங்கில் வைத்து விடுங்கள். இனி நீங்கள் கவனிக்கவேண்டியது மிருகத்தை மட்டும்தான். ‘ரா’ கோப்பாகவே எடுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் வேகமாக அடிக்கும் இறக்கை கோணலாக விழக்கூடும், பறவை பறக்கும்போது மெக்கானிக்கலுக்கு மாற்றிவிடுங்கள்.

டிரைபாட் வேண்டாம். வண்டி ஜன்னலில் போட ஒரு துணிப்பையில் அரிசியோ பயறோ நிரப்பிக்கொண்டால் போதும், பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்தது கடைச் சரக்கைவிட நன்றாக உட்காரும். பேட்டரி மூன்று. ஒரே பெரிய மெமரி கார்டுக்குப் பதில் சிறியதாக இரண்டு. பெரிய பிளாஸ்டிக் உறை இரண்டு, ரப்பர் பேண்டுகள், சிலிக்கா ஜெல், பழைய பருத்தித் துண்டு ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த மலையில் பெய்வது மழையென்றால் மழை. கேமராவுக்கு மட்டுமல்ல, காலுக்கும் பாதுகாப்பு வேண்டும்: அட்டைப்பூச்சிக்கான காலுறை. படம் எடுக்க வசதியான மாதங்கள் டிசம்பரிலிருந்து மார்ச் வரை.

ஏசி வண்டியிலிருந்து இறங்கியதும் லென்ஸ் முழுக்க நீர்த்திவலை படிந்து, துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். இதற்கு மருந்து துடைப்பதில் இல்லை. மலை ஏறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஏசி அறையில் தங்கினால் விடியும் முன்பே பையை மூடியபடி வெளியே வைத்துவிடுங்கள். லென்ஸ் மெதுவாக வெளிச்சூட்டுக்கு வரட்டும்.

காட்டில்

வால்பாறையைச் சூழ்ந்த ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் டிரோன் கூடாது, ஃபிளாஷ் வேண்டாம், செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது கூடவே கூடாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இருவாச்சிக்குக் கூடு காலம். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. கூட்டு மரத்தடியில் நீங்கள் நின்றால் ஆண் பறவை இறங்காது. கூடு எங்கே என்று யாராவது காட்டினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள், பழ மரத்தருகே நின்று எடுங்கள். சோலைமந்திக்குப் பிஸ்கட் நீட்டிப் படம் எடுப்பவர்கள் அவற்றைச் சாலைக்கு இழுத்து வண்டியில் அடிபடச் செய்கிறார்கள். புதுத்தோட்டத்தில் அவை தரைக்கு வராமல் சாலையைக் கடக்கவென்றே மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பாலத்தில் வரிசையாகப் போகும் குரங்குகள் 200 எம்எம்-க்கு அருமையான படம். யானை தென்பட்டால் லென்ஸைப் பற்றி யோசிக்காமல் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள்.

இரவு அறைக்கு வந்ததும் ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுத்து, கேமராவை மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். படங்களை இன்னொரு டிஸ்க்கிலும் நகலெடுத்த பிறகே கார்டை அழியுங்கள். ஊர் திரும்பியதும் பையை ஒரு நாள் வெயிலில் திறந்து போடுங்கள், லென்ஸை நிழலில் வையுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியதும் லென்ஸோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள்.